களப்பெயர்ப் பட்டியல்களை வரிசைப்படுத்தலும் தமிழ் எழுத்து வைப்புமுறையும்: கட்டளைவரிக் கருவிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தளங்களின் முகவரியாக அமையும் களப்பெயர்களைப் பட்டியலிட்டு வரிசைப்படுத்தக் கட்டளைவரிக் கருவிகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. தமிழ் எழுத்திலான களப்பெயர்களை இக்கருவிகளின் இயல்பான போக்கிலேயே வரிசைப்படுத்தினால், கிடைக்கும் வரிசை தமிழ் அகரவரிசையோடு பொருந்துவதில்லை. இப்பொருந்தாமை எங்கெங்கு தோன்றுகிறது, அதன் காரணம் யாது, அதனைக் களையும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. களப்பெயர்ப் பட்டியலுக்குப் படிநிலை வரிசை, குறியெண் வரிசை, அகரவரிசை என மூவகை வரிசைகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்துவதே பிழைகளுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: களப்பெயர், அகரவரிசை, வைப்புமுறை, ஒருங்குறி, புனிகோடு, வரிசைத் திறவு.

முன்னுரை

ஒரே சொற்றொகையைப் பயன் நோக்கிப் பலவாறு வரிசைப்படுத்தும் மரபு தமிழுக்குப் புதியதன்று. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வழித் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருட் பெயர்களை எதுகைவழி அடுக்கியது. சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்து, தேடுவோரின் நோக்கம் வேறுபடும்போது வரிசையும் வேறுபட வேண்டும் என்பதைத் தன் அமைப்பிலேயே உணர்த்தியது.

கணினிவழி ஆய்வு பெருகிய இக்காலத்தில் வரிசைப்படுத்தும் பணியைப் பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழ் இணையத்தளங்களைத் தொகுப்போர், அத்தளங்களிலிருந்து சொல்வங்கி உருவாக்குவோர், இணைய இதழ்களுக்கு அடைவு அமைப்போர் ஆகியோர் முதலில் எதிர்கொள்வது ஒரு நீண்ட களப்பெயர்ப் பட்டியலே. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் உள்ள ‘சார்ட்’ என்னும் வரிசைக் கட்டளை பல்லாயிரம் வரிகளைச் சில நொடிகளில் அடுக்கித் தருகிறது. எனினும் அவ்வடுக்கு எம்மரபின்படி அமைந்தது என்பதைப் பயன்படுத்துவோர் எண்ணிப்பார்ப்பது அரிது. ககரப் பகுதியின் இறுதியில் ‘கனவு’ என்னும் பெயரைத் தேடுபவர் அதனை அங்குக் காணாது, அப்பெயரில் தளமே இல்லை என்று முடிவு செய்யக்கூடும். எனவே வரிசையில் நேரும் பிழை தரவுப் பிழையாகவும் ஆய்வு முடிவின் பிழையாகவும் வளரும் தன்மையுடையது.

1. களப்பெயரின் அமைப்பும் படிநிலை வரிசையும்

டொமைன் எனப் பரவலாக வழங்கும் களப்பெயர், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட கூறுகளால் ஆனது. 1987இல் வரையறுக்கப்பட்ட களப்பெயர் முறைமையின்படி ஒரு கூறு 63 பைட்டுகளுக்கு மிகாமலும், முழுப்பெயர் 255 பைட்டுகளுக்கு மிகாமலும் அமைதல் வேண்டும். இக்கூறுகளுள் வலப்புறம் இருப்பதே உயர்நிலைக் களம். இடப்புறம் செல்லச் செல்ல உட்பிரிவு பெருகும். ‘பழைய.கலை.இந்தியா’ என ஓர் எடுத்துக்காட்டுப் பெயரை அமைத்துக்கொண்டால், ‘இந்தியா’ என்பது பெரும்பிரிவு, ‘கலை’ அதன் உட்பிரிவு, ‘பழைய’ அதனினும் உட்பிரிவு ஆகும். (இக்கட்டுரையில் உயர்நிலைக் களங்கள் நீங்கலாக ஏனைய பெயர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.)

‘சார்ட்’ கட்டளை வரியை இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. ஆகவே ஒரே தளத்தைச் சார்ந்த உட்பிரிவுகள் பட்டியலில் சிதறிப்போகின்றன. களப்பெயருக்கு உரிய இயல்பான வரிசை வலமிருந்து இடமாகக் கூறு கூறாக ஒப்பிடும் வரிசையே. களப்பெயர் முறைமையின் பாதுகாப்பு நீட்சிக்காக 2005இல் வெளியிடப்பட்ட வரையறையும் இவ்வாறே வலக்கோடிக் கூறிலிருந்து ஒப்பிடுவதை நெறியாகக் கொண்டுள்ளது.

இதனை நிறைவேற்றப் பலரும் கையாளும் எளிய உத்தி, ‘ரெவ்’ கட்டளையால் வரியை முழுமையாகத் தலைகீழாக்கி, வரிசைப்படுத்தி, மீண்டும் தலைகீழாக்குவதாகும். இவ்வுத்தி ஒரே ஈறுடைய பெயர்களை ஒருங்கே சேர்க்கும். ஆனால் ஒவ்வொரு கூறும் தன் ஈற்றெழுத்தின் வழியே அடுக்கப்படும். இது தொடையகராதி போன்ற ஒரு தனிப்பயன் உடையதேயன்றி அகரவரிசை ஆகாது. எழுத்துகளைத் தலைகீழாக்காமல் கூறுகளை மட்டும் இடம்மாற்றுவதே ஏற்றது. அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் பெயரின் முதலெழுத்துகளால் பெயர்பெற்ற ‘ஆக்’ என்னும் உரைச்செயலிக் கருவி, வரியைப் புள்ளிவழிப் பிரித்துக் கூறுகளை ஈற்றிலிருந்து முதலுக்கு எழுத வல்லது. ‘சார்ட்’ கட்டளைக்கு இத்தனையாவது புலம் என்று எண் கொடுத்து வரிசைப்படுத்தும் வசதி உண்டெனினும், பெயர்தோறும் கூறுகளின் எண்ணிக்கை வேறுபடுவதால் அது இங்கு முழுமையாக உதவாது.

கூறுகளை இடம்மாற்றிய பின்னும் ஒரு நுண்பிழை எஞ்சுகிறது. ‘இந்தியா.கலை’, ‘இந்தியா.கலை.பழைய’, ‘இந்தியா.கலை-அகம்’ என்னும் மூன்றையும் குறியெண் வழி அடுக்கினால், ‘கலை’க்கும் அதன் உட்பிரிவான ‘கலை.பழைய’ என்பதற்கும் இடையே தொடர்பில்லாத ‘கலை-அகம்’ வந்து அமர்கிறது. சிறுகோட்டின் குறியெண் 45, புள்ளியின் குறியெண் 46 என்பதே காரணம். வரிசைப்படுத்தும் முன் புள்ளியை நீக்கி, குறியெண் 9 உடைய தத்தல் குறியை அவ்விடத்தில் இட்டால் இப்பிழை நீங்கும். உட்பிரிவு தன் பெரும்பிரிவை ஒட்டியே நிற்கும்.

2. புனிகோடு வடிவில் நேரும் வரிசைக் குலைவு

களப்பெயர் முறைமை தொடக்கத்தில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே கருத்தில்கொண்டு வழங்கியது. பிறமொழி எழுத்துகளை அதனுள் கொண்டுசெல்ல 2003இல் புனிகோடு என்னும் மாற்றுமுறை வரையறுக்கப்பட்டது. அதன்படி தமிழ்க்கூறு ஒவ்வொன்றும் ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் ஈரெழுத்துகளையும் இரு சிறுகோடுகளையும் முன்னொட்டாகக் கொண்டு, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவையாக மாறும். வழங்கிகளிலிருந்து பெறப்படும் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே கிடைக்கின்றன.

தமிழில் அமைந்த மூன்று நாட்டு உயர்நிலைக் களங்களை எடுத்துக்கொள்ளலாம். அகரவரிசையில் அவை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என நிற்கும். அவற்றின் புனிகோடு வடிவங்களை ‘சார்ட்’ கட்டளையிடம் கொடுத்தால் சிங்கப்பூர், இலங்கை, இந்தியா என்னும் வரிசை கிடைக்கிறது. அதாவது வரிசை முற்றிலும் தலைகீழாகிறது.

இதன் காரணம் புனிகோட்டின் அமைப்பிலேயே உள்ளது. முதலாவதாக, அம்முறை சொல்லின் முதலெழுத்திலிருந்து தொடங்குவதில்லை. சொல்லில் உள்ள எழுத்துகளுள் எதன் குறியெண் மிகச் சிறியதோ அதனை முதலில் குறியாக்குகிறது. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லில் மிகச் சிறிய குறியெண் ககரத்தினுடையது (2965). எனவே அச்சொல்லின் புனிகோடு சகரத்திலிருந்தன்றிக் ககரத்திலிருந்து பிறக்கிறது. இரண்டாவதாக, அவ்வெண்ணை எழுதும்போது மதிப்பில் சிறிய இலக்கம் முன்னும் பெரிய இலக்கம் பின்னும் வைக்கப்படுகின்றன. ககரத்தின் குறியெண்ணிலிருந்து 128 கழித்துக் கிடைக்கும் 2837 என்னும் எண், ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. ‘இந்தியா’, ‘இலங்கை’ ஆகியவற்றின் இகரத்திற்கு (2951) அவ்வாறே கிடைக்கும் 2823 என்னும் எண், ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. சிறிய எண் பின்னும் பெரிய எண் முன்னும் வந்தமைக்கு இதுவே விளக்கம்.

ஆதலின் புனிகோடு வடிவம் ஒரு பெயரை ஐயமின்றி அடையாளம் காட்டும் தகுதி உடையது. வரிசை காட்டும் தகுதி அற்றது. வரிசைப்படுத்தும் முன் ‘ஐடிஎன்’ போன்ற கட்டளையால் பெயரைத் தமிழ் எழுத்துக்கு மீட்டல் இன்றியமையாதது.

3. குறியெண் வரிசையும் தமிழ் வைப்புமுறையும்

தமிழ் எழுத்துக்கு மீட்ட பின்னும் அகரவரிசை தானே வந்துவிடுவதில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்விட அமைப்பு, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. ஓரெழுத்துக்கு எல்லா இந்திய எழுத்துமுறைகளிலும் ஒத்த இடம் வேண்டும் என்பது அதன் நெறி. அந்நெறியால் னகரம் (2985) நகரத்தை (2984) அடுத்தும், றகரம் (2993) ரகரத்தை (2992) அடுத்தும், ளகர ழகரங்கள் (2995, 2996) வகரத்திற்கு (2997) முன்னும் அமைந்தன. தேவநாகரியில் திராவிட மொழி ஒலிகளைப் பெயர்த்தெழுதப் புள்ளியிட்டு ஆக்கப்பட்ட எழுத்துகளின் இடங்களே ன, ற, ழ ஆகிய மூன்றும் தமிழ்ப் பகுதியில் பெற்ற இடங்கள் என்பது ஒப்புநோக்கின் புலனாகும்.

தொல்காப்பியம் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளை முதலெழுத்தாகக் கூறுகிறது. நன்னூல் எழுத்திலக்கணப் பகுதிகளுள் ‘முறை’யைத் தனிக்கூறாக வைத்து, சிறப்பும் இனமும் அம்முறைக்குக் காரணம் என்கிறது. ற, ன, ழ ஆகியவற்றைத் தமிழுக்கே உரிய எழுத்துகளுள் வைத்து எண்ணுவதும் நன்னூலே. தமிழுக்குச் சிறப்பாக உரியவை எனப்பட்ட அம்மூன்று மெய்களும் குறியெண் வரிசையில் தம் மரபிடத்தை இழந்து நிற்பது கருதத்தக்கது.

‘சார்ட்’ கட்டளையின் சூழல் மாறியை ‘சி’ என்னும் மதிப்பில் வைத்தால் அது பைட்டு வரிசையில் ஒப்பிடும். அது குறியெண் வரிசைக்குச் சமம். அவ்வாறு எட்டுச் சொற்களை அடுக்கக் கிடைக்கும் வரிசை வருமாறு:

குறியெண் வரிசை: கனவு, கயல், கரை, கற்பு, கலை, களம், கழகம், கவிதை.

அகரவரிசை: கயல், கரை, கலை, கவிதை, கழகம், களம், கற்பு, கனவு.

அகரவரிசையில் இறுதியில் நிற்க வேண்டிய ‘கனவு’ குறியெண் வரிசையில் முதலில் நிற்கிறது.

மெய்யெழுத்தின் புள்ளி மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. ஒருங்குறியில் அகரமேறிய மெய்யே அடிப்படை வடிவம். மெய்யைக் காட்டும் புள்ளி (3021) உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பின் வைக்கப்பட்டுள்ளது. தமிழ் இலக்கணத்திலோ மெய்யே அடிப்படை. அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். ஆகவே கல், கல்வி, கலம், கலை என நிற்க வேண்டியவை, குறியெண் வரிசையில் கலம், கலை, கல், கல்வி என மாறுகின்றன. ஆய்தத்தின் இடமும் இத்தகையதே. அகரவரிசையில் ஔகாரத்திற்கும் ககரத்திற்கும் இடையே நிற்கும் ஆய்தம், ஒருங்குறியில் அகரத்திற்கு முன் (2947) வைக்கப்பட்டுள்ளது. தமிழ்ச்சொல் ஆய்தத்தில் தொடங்காது எனினும், ‘ஃபிரான்ஸ்’ போன்று எழுதப்படும் பிறமொழிப் பெயர்கள் இதனால் அகரத்திற்கும் முன்னே சென்றுவிடுகின்றன.

4. வரிசைத் திறவு அமைத்தல்

இயங்குதளங்களில் தமிழுக்குரிய இடச்சூழல் அமைப்பு உண்டு. அதனைத் தெரிவுசெய்தால் ‘சார்ட்’ கட்டளை மொழிவழி விதிகளைக் கொண்டு ஒப்பிடும். எனினும் இவ்விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றின் அடித்தளமான ஜிலிப்சி நிரலகத்தின் 2.28ஆம் பதிப்பில் (2018) ஒப்பீட்டு விதிகள் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டன. அதனால் ஒரே கட்டளை இரு கணினிகளில் இருவேறு வரிசைகளைத் தரக்கூடும். மேற்காட்டிய சொற்களைச் சோதனைச் சொற்களாகக் கொடுத்துப் பார்த்த பின்னரே இடச்சூழலை நம்புதல் தகும்.

எக்கணினியிலும் மாறாத வரிசை வேண்டுமெனில் வரிசைத் திறவை வெளிப்படையாக அமைத்துக்கொள்ளலாம். உயிருக்கு 01 முதல் 12 வரையும், ஆய்தத்திற்கு 13ஐயும், ககரம் முதல் னகரம் வரையிலான மெய்களுக்கு 14 முதல் 31 வரையும், ஜ, ஶ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளுக்கு 32 முதல் 36 வரையும் எண் வழங்கலாம். ஒவ்வோர் எழுத்தும் நான்கு இலக்கம் பெறும். முதலிரண்டு அவ்வெழுத்தின் எண். பின்னிரண்டு மெய்மேல் ஏறிய உயிரின் எண். தனிமெய், தனியுயிர், ஆய்தம் ஆகியவற்றுக்குப் பின்னிரண்டும் 00 ஆகும்.

இம்முறையில் கல் = 1401 2600; கல்வி = 1401 2600 2703; கலம் = 1401 2601 2300; கலை = 1401 2609 எனத் திறவுகள் அமையும். இவற்றை இடைவெளியின்றி எழுதிப் பைட்டு வரிசையில் அடுக்கினால் கல், கல்வி, கலம், கலை என்னும் அகராதி வரிசையே கிடைக்கிறது.

உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பகுக்கும் இலக்கண முறையே இத்திறவுக்கு அடிப்படை. ஆயினும் அப்பகுப்பு ஒன்றே போதாது. ‘கலை’யை க், அ, ல், ஐ எனவும் ‘கல்வி’யை க், அ, ல், வ், இ எனவும் பகுத்து அப்படியே ஒப்பிட்டால், நான்காம் இடத்தில் ஐகாரம் வகர மெய்யை முந்துவதால் ‘கலை’ முன்வந்துவிடும். மெய்க்குப் பின் உயிரின்மையைக் காட்டும் 00 என்னும் குறியே மெய்யை உயிர்மெய்க்கு முன் நிறுத்துகிறது. ஏட்டிலும் அச்சிலும் மெய்யின் தலைமேல் இடப்படும் புள்ளி செய்யும் பணியை இங்கு இச்சுழியிணை செய்கிறது எனலாம்.

5. ஒருமை காண்பதில் நேரும் பிழைகள்

பட்டியலை வரிசைப்படுத்துவதன் ஒரு நோக்கம் மீண்டும் வரும் பெயர்களை நீக்குவதாகும். ‘யூனிக்’ கட்டளை அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடுவதால், வரிசைப்படுத்தாத பட்டியலில் அது முழுப்பயன் தராது. வரிசைப்படுத்திய பட்டியலிலும் பின்வரும் வேறுபாடுகள் ஒரே பெயரை இரண்டாகக் காட்டும்.

அ. ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு. களப்பெயர் முறைமை இவற்றை வேறுபடுத்துவதில்லை; கட்டளை வேறுபடுத்தும்.

ஆ. பெயரின் ஈற்றில் வேர்க்களத்தைக் குறிக்க இடப்படும் புள்ளி, விண்டோஸ் கோப்புகளின் வரியிறுதியில் கண்ணுக்குப் புலனாகாது நிற்கும் குறி ஆகியவை.

இ. ஒகர உயிர்மெய்யின் இருவகைக் குறியாக்கம். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை 3018 என ஒரே குறியெண்ணாலும், 3014, 3006 என்னும் இரு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கட்டளைக்கு இரண்டும் வேறு. ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கும் இது பொருந்தும்.

இவற்றுள் மூன்றாவதை ‘யூகான்வ்’ போன்ற கருவியால் ஒருங்குறியின் இயல்பாக்க வடிவத்திற்கு மாற்றிச் சரிசெய்யலாம். ஔகாரத்திற்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டெழுதுவது இதனின் வேறு. அவை ஒருங்குறியின்படி சமமானவை அல்ல. ஆதலால் அவற்றை மனிதர் பார்த்தே திருத்த வேண்டும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. ‘சார்ட்’ கட்டளையில் ஒரு புலத்தை மட்டும் திறவாகக் குறித்து, மீள்வனவற்றை நீக்கும் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால், அப்புலம் ஒத்த வரிகளுள் ஒன்று மட்டுமே எஞ்சும். உயர்நிலைக் களத்தைத் திறவாகக் கொண்டு அவ்வாறு செய்வோர் ஒரு நாட்டுக்கு ஒரு பெயர் தவிர மற்றனைத்தையும் இழப்பர். கட்டளை எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. இரு பட்டியல்களை இணைக்கும் ‘ஜாயின்’ கட்டளையும் இரண்டும் ஒரே விதியின்படி அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஒன்று அகரவரிசையிலும் மற்றொன்று குறியெண் வரிசையிலும் இருப்பின் பொருந்தும் பெயர்களும் விடுபட்டுப்போகும்.

6. பரிந்துரைக்கும் செயல்முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பட்டியலைப் பின்வரும் படிகளில் அமைக்கலாம்.

1. மூலப் பட்டியலை மாற்றாது பேணி, படி ஒன்றில் மட்டும் பணி செய்தல்.

2. வரியிறுதிக் குறி, ஈற்றுப்புள்ளி, பெரிய எழுத்து ஆகியவற்றைச் சீர்செய்தல்.

3. புனிகோட்டைத் தமிழுக்கு மீட்டு, ஒருங்குறி இயல்பாக்கம் செய்தல்.

4. பைட்டு வரிசையில் அடுக்கி, முழு வரியையும் ஒப்பிட்டு மீள்வனவற்றை நீக்குதல்.

5. கூறுகளை வலமிருந்து இடமாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் வரிசைத் திறவு அமைத்து, தத்தல் குறியால் பிரித்து, பெயரின் முன் வைத்தல்.

6. திறவின்படி பைட்டு வரிசையில் அடுக்கிய பின் திறவை நீக்கிப் பெயரை மட்டும் வெளியிடுதல்.

நான்காம் படி பொறிக்குரிய வரிசை. ஐந்தாம், ஆறாம் படிகள் படிப்போருக்குரிய வரிசை. இவ்விரண்டையும் ஒன்றாக்க முயல்வதே பெரும்பாலான குழப்பங்களுக்கு இடமளிக்கிறது.

முடிவுரை

களப்பெயர்ப் பட்டியலின் படிநிலை வரிசை பெயர்களின் உறவைக் காட்டுகிறது. குறியெண் வரிசை பெயர்களின் ஒருமையையும் வேறுபாட்டையும் உறுதிசெய்கிறது. அகரவரிசை தேடுவோருக்குப் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. புனிகோடு வடிவம் இம்மூன்றனுள் அகரவரிசைக்கு முற்றிலும் பயன்படாது என்பது மூன்று தமிழ் உயர்நிலைக் களங்களின் தலைகீழ் வரிசையால் தெளிவாகிறது. குறியெண் வரிசையில் ன, ற, ழ, ள ஆகியவற்றின் இடமும், ஆய்தத்தின் இடமும், மெய்ப்புள்ளியின் இடமும் தமிழ் மரபிலிருந்து விலகியுள்ளன. உயிர்மெய்ப் பகுப்பையும் அகராதி மரபையும் இணைத்து அமைக்கும் நான்கிலக்கத் திறவு இவ்விலகலைச் சரிசெய்யப் போதுமானது.

இத்திறவு களப்பெயர்களுக்கு மட்டும் உரியதன்று. நூலடைவு, சொல்லடைவு, ஆசிரியர் பெயரடைவு என ஒருங்குறித் தமிழில் அமையும் எப்பட்டியலுக்கும் இது பொருந்தும். இலக்கண நூல்கள் வகுத்த எழுத்துமுறையைப் பொறி தானாக அறிவதில்லை. பட்டியலை உருவாக்குவோரே அதனை எண்ணாக மாற்றி அறிவிக்க வேண்டியுள்ளது. எவ்வரிசை கையாளப்பட்டது என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே குறிப்பிடுவது, அதனைப் பின்னர்ப் பயன்படுத்தும் ஆய்வாளர் ‘கனவு’ இல்லை என்று பிழைபட முடிவு செய்வதைத் தவிர்க்கும்.